சீமைக் காரும் எஸ்டேட் லாரியும்

தொழில் பழகும் தம்பிமாரே, விலை கூடிய வண்டி பட்டறைக்குள் வந்தால் உங்கள் குரல் தாழ்ந்துவிடுகிறது. கையைத் துடைத்துக்கொண்டுதான் கதவைத் தொடுகிறீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் சொந்தக்காரர், "இது இதுவரைக்கும் எங்கேயும் நின்றதே இல்லை" என்று சொன்னதும் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்குகிறீர்கள். அப்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய காரியம் நினைவுக்கு வரும். இனியும் மனதோடு வைத்துக்கொள்ளாமல் எழுதிவிடுகிறேன்.

நான் முறையாகத் தொழில் படித்தவன் அல்ல. கோட்டாற்றில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தூத்துக்குடியில் மூட்டை தூக்கினேன். கொழும்பில் ஒரு பஸ் கம்பெனியில் சக்கரம் கழற்றி மாட்டினேன். மதுரை, செங்கோட்டை, புனலூர் என்று கால் போன பக்கம் போனேன். எங்கும் நெடுநாள் தரித்ததில்லை. பட்டினி கிடந்ததுண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பலரும் கிடந்த காலம் அது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமான சமயத்தில் திருவனந்தபுரம் வந்து, கிள்ளிப்பாலத்தில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில் சேர்ந்தேன். வேலை முடிந்ததும் அங்கேயே சாக்கு விரித்துப் படுத்துக்கொள்வேன்.

வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோக முடியாத பியானோ, நாய், கார் எல்லாவற்றையும் இங்கேயே விற்றார்கள். அப்படி விற்ற ஒரு காரை ஆரியசாலை சங்கரலிங்கம் முதலாளி வாங்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மிளகாய், மல்லி, புளி, கருவாடு மொத்த வியாபாரம். மலைத் தோட்டங்களுக்கு அரிசி சாமானும் அவர் கடையிலிருந்துதான் போகும்.

அந்த வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். செய்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. இங்கிலாந்தில் பிரபுக்கள் ஏறுவதற்கென்று செய்த ஜாதி வண்டி. என்ஜின் ஓடுகிறதா என்பதைக் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். கதவு மூடினால் பெட்டி மூடின மாதிரி மெல்லிய ஒரு சத்தம். உள்ளே சந்தன நிறத்தில் தோல் இருக்கை. 'அந்த வண்டி நின்றால் கம்பெனிக்காரன் சீமையிலிருந்தே ஆள் அனுப்புவான், ஆனால் நின்றால்தானே!' என்று சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை சுமக்கும் சுமட்டுக்காரன் வரைக்கும் பேசுவான்.

அதன் டிரைவர் சுயம்பு, எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர். என்னைவிட மூத்தவர். வண்டியை அவ்வப்போது பட்டறைக்குக் கொண்டுவந்து, "என்னமோ ஒரு முக்கல் இருக்கு, பாரு" என்பார். நான் பார்ப்பேன். ஒரு குறையும் இருக்காது. மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ, சாயா குடிக்கும்போது விடாமல் கேட்டேன்.

"எங்க நிக்குது அண்ணே?"

"நிக்கல்லாம் இல்லை. முதலாளி நிறுத்தச் சொல்லுவாரு."

"எங்க நிறுத்தச் சொல்லுவாரு?"

"ஏத்தத்துல ஆக்கும்."

"ஏத்தத்துலயா? என்னத்துக்கு?"

"காத்து வாங்க." சுயம்பு என் முகத்தைப் பார்க்கவில்லை. "உச்சி வெயில்ல காத்து வாங்குவாரு. கேட்டியா? இதுக்கு மேல கேக்காதே."

பிறகு அவராகவே சொன்னார். வெயிலில் நீண்ட ஏற்றம் ஏறினால் வண்டி இருமும், நின்றுவிடும். நன்றாக ஆறிய பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். நின்ற இடத்தில் பானட்டைத் திறக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஆரியசாலையில் வியாபாரம் வாக்கில் நடப்பது. ஒருவர் வண்டி வழியில் நின்றது என்று காலையில் சொன்னால், சாயங்காலத்துக்குள் அவர் கடையே நின்றுவிட்டது என்று ஆகிவிடும். ஆகையால் வண்டி நின்றதும் சுயம்பு இறங்கி, முன்கண்ணாடியைத் துடைக்க வேண்டும். முதலாளி இறங்கி, கைத்தடியை நீட்டி மலையையும் வயலையும் சுட்டிக் காட்ட வேண்டும். பார்ப்பவர்கள், பெரிய மனிதர் நிலம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"அது ஒரு தனி வினை," என்றார் சுயம்பு. "வண்டி நின்ன இடத்துக்கெல்லாம் தரகன் வந்துடுகான். போன மாசம் ஒருத்தன் சுடுகாட்டுக்கே விலை சொன்னான்."

இருவரும் சிரித்தோம். அப்போது சிரிக்கத்தான் தோன்றியது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோயாளி வைத்தியர் வீட்டுக்கு வரும்போது காய்ச்சல் இறங்கியிருந்தால் வைத்தியர் என்ன செய்வார்? காய்ச்சல் அடிக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நான் ஒரு நாள் மத்தியானம் நெடுமங்காடு வரைக்கும் அந்த வண்டியில் கூடப் போனேன். நின்றதும், பானட்டைத் திறக்காமலே, சூட்டையும் வாடையையும் வைத்துக் காரணம் ஏறக்குறையப் புரிந்தது. பெட்ரோல் வரும் குழாய், கொதிக்கும் புகைக்குழாயை ஒட்டிப் போகிறது. குளிர் தேசத்தில் அதனால் ஒரு கெடுதியும் இல்லை. நம்மூர் வெயிலில் ஏற்றம் ஏறும்போது குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. குழாயை வேறு வழியில் கொண்டுபோனால் தீரும். முதலாளியிடம் சொன்னேன்.

"அந்தக் குழாயை எவன் வச்சான் தெரியுமாடே?" என்றார். "சீமையில பத்து வருஷம் படிச்சவன் வச்சது. நீ கோட்டாத்துல படிச்சவன்."

"கோட்டாத்துலயும் முழுசாப் படிக்கல முதலாளி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அதுல ஒரு திருகாணியை மாத்தினாலும் அது அந்த வண்டி இல்ல. நீ தொடாதே."

அவர் கெட்டவர் அல்ல. அதை மறக்காமல் மேலே படியுங்கள்.

மாசி மாத வெயிலில் ஒரு நாள் அவர் போனக்காட்டு மலையில் ஒரு சிறிய தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். சாமான் சப்ளை விஷயமாக மேனேஜரைப் பார்க்க வேண்டியிருந்தது. வண்டி அடிக்கடி 'காற்று வாங்க' ஆரம்பித்திருந்ததால் சுயம்பு என்னையும் ஏற்றிக்கொண்டார். விதுரை தாண்டி மலை ஏறும்போது இரண்டு வளைவில் நின்றது. முதலாளி இறங்கித் தடியை நீட்டினார். நான் பக்கத்தில் நின்று, அவர் காட்டிய திசையைப் பார்த்தேன். அங்கே காடுதான் இருந்தது.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்த பிறகு, என்ஜின் சூடு ஆறுமுன் ஃபாக்டரியில் மணியை விடாமல் அடித்தார்கள். ஓடினோம். தேயிலை உருட்டும் மிஷினில் பேச்சிமுத்து என்ற தொழிலாளியின் வலக்கை மாட்டிக்கொண்டிருந்தது. அவனைச் சாக்குக் கட்டிலில் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தார்கள். இளவயதுக்காரன். அவன் பெண்டாட்டி பூரணம் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் மலைச்சரிவிலிருந்து ஓடிவந்தாள். தோட்டத்துக் கம்பவுண்டர் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டியிருந்தார்.

"ரத்தம் நின்னிருக்கு," என்றார் கம்பவுண்டர். "ஆனா கட்டு இருக்க இருக்க கை செத்துப் போகும். சீக்கிரம் திருவனந்தபுரம் போனா கையும் பிழைக்கும். தாமசிச்சா உயிர் மட்டும்தான்."

மேனேஜர் மலையாளி. முதலாளியிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "முதலாளி, நம்ம லாரியைப் பாத்தீங்கல்லே? அதை விஸ்வசிச்சு எப்படி அனுப்பும்? உங்க கார் ஒண்ணு தரணும்."

அந்த லாரி எதிரில்தான் நின்றது. யுத்தத்தில் ஓடிக் கழிந்த பட்டாள லாரி. பானட்டைக் கயிற்றால் கட்டியிருந்தது. ஒரு பக்கக் கதவே இல்லை.

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதுக்குக் கேக்கணுமா? ஏத்துங்க. சுயம்பு, கதவைத் தெற."

சுயம்பு பின்கதவைத் திறந்தார். திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். கைப்பிடியிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது, கட்டிலைக் கொண்டுவந்தவர்கள் மறுபடி தூக்குவதற்குள் உள்ள நேரம்தான். மலை இறங்குவதில் பயமில்லை. விதுரைக்குப் பிறகு நெடுமங்காடு வரைக்கும் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். அந்த நேரத்து வெயிலில் கார் அங்கே நின்றால் ஆறும்வரை அசையாது. வழியில் வேறு வண்டி கிடைப்பது அபூர்வம். லாரியைப் பற்றியும் எனக்குத் தெரியும். எங்கள் பட்டறைக்கு அது வராத மாதம் இல்லை. அதில் என்ன உடைந்தாலும் நானும் அதன் டிரைவர் குட்டப்பனும் வழியிலேயே கட்டி ஓட்டிவிடுவோம். கார்க் குழாயில் ஈரத்துணி சுற்றிப் பார்க்கலாமே என்றும் தோன்றியது. ஆனால் ஒரு தடவைகூடச் செய்து பார்க்க விடாத வைத்தியம் அது. அதை அவன் கையை வைத்துப் பரீட்சை பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

முதலாளியின் பக்கத்தில் போய், காதோடு சொன்னேன். "நெடுமங்காட்டு ஏத்தத்துல நிக்கும் முதலாளி. காலையிலயே ரெண்டு தடவ நின்னுது. லாரியில விடுங்க."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. எதிரில் மேனேஜர், கம்பவுண்டர், கங்காணி, கூடையோடு நிற்கும் பெண்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லாரியில கொண்டு போங்க," என்றார்.

"எந்தா முதலாளி?" என்றார் மேனேஜர்.

"லாரிதான் நல்லது. காலை நீட்டிப் படுக்கலாம்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சுயம்பு கதவை மூடினார். அந்த மெல்லிய சத்தம் முற்றத்தில் எல்லாருக்கும் கேட்டது. பூரணம் கண்ணாடி வழியாக உள்ளே இருந்த சந்தன நிற இருக்கையைப் பார்த்தாள். புருஷனின் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு முதலாளியைப் பார்த்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு லாரியில் ஏறினாள்.

நானும் ஏறினேன். குட்டப்பன் என்னைப் பார்த்து, "பிடிச்சு இருந்தோ. சப்தம் போடும், பக்ஷே எத்தும்" என்றான். சத்தம் போட்டாலும் போய்ச் சேர்ந்துவிடும் என்று அர்த்தம்.

வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. கயிறு கட்டி ஓட்டினோம். ஒரு இடத்தில் ரேடியேட்டருக்கு ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினோம். ஊற்றும்போதும் என்ஜினை நிறுத்தவில்லை. அந்த இரண்டு இடம் தவிர லாரி எங்கும் நிற்கவில்லை. ஆனால் வேகமும் இல்லை.

முதலாளி சுயம்புவின் பக்கத்தில் ஏறிக்கொண்டு, காரைப் பின்னாலேயே விடச் சொல்லியிருந்தார். ஒருவேளை லாரி கைவிட்டால் உதவுமே என்ற எண்ணம். எங்கள் வேகத்துக்கு மெதுவாக வந்ததால் அது சூடேறவே இல்லை. விதுரையில் நிற்கவில்லை. நெடுமங்காட்டு ஏற்றத்திலும் நிற்கவில்லை. பேச்சிமுத்து மயங்காமல் கிடந்தான். பின்பலகை இடுக்கு வழியாக அவன் கண் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். வெறும் பின்னிருக்கையோடு அந்த வண்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், ஒரு தும்மல் இல்லாமல், எங்களைத் தொடர்ந்து வந்தது.

உயிர் தப்பியது. கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். முன்னமே வந்திருந்தால் கை பிழைத்திருக்குமா என்று பூரணம் கேட்டதற்கு, எலும்பு நொறுங்கியிருந்ததால் அப்படியும் சொல்ல முடியாது, இப்படியும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். டாக்டருக்கே தெரியாதது ஊருக்குத் தெரிந்திருந்தது. மலையில் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் ஒரே பேச்சு. 'சீட்டில் ரத்தக்கறை படிந்துவிடும் என்று கூலிக்காரனைக் காரில் ஏற்றவில்லை. சும்மா வந்த வண்டியில் ஏற்றியிருந்தால் கை இருந்திருக்கும்.' சில நாளில் அது ஆரியசாலைக்கும் வந்தது. கடை வாசலில் மூட்டை இறக்குபவர்கள் முதலாளியைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் பழம் கொடுத்தனுப்பினார். கூடை அப்படியே திரும்பி வந்தது.

"காரணத்தைச் சொல்லிருங்க முதலாளி," என்றேன்.

"என்னன்னு? என் வண்டி நிக்கும்னா?" அவர் கசப்பாகச் சிரித்தார். "இத்தனை நாள் நிக்காதுன்னு எல்லாரையும் நம்ப வச்சாச்சு. இப்ப போய் நிக்கும்னா எவன் நம்புவான்?"

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. நானே போய்ச் சொல்லிப் பார்த்தேன். பேச்சிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த வண்டியா நிக்கும்? எங்க லயத்துல கைப்பிள்ள கூடச் சிரிக்கும்யா" என்றான்.

தம்பிமாரே, அன்று லாரியில் ஏற்றச் சொன்னதை இன்றைக்கும் நான் தப்பு என்று நினைக்கவில்லை. கார் அன்று நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் முடிவு எடுக்கும்போது நம் கையில் இருப்பது அதுவரைக்கும் பார்த்தது மட்டும்தான். பிறகு நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை அளக்க ஆரம்பித்தால், ஒருவனும் இந்தத் தொழிலில் வாய் திறக்க மாட்டான். கெட்டது வேறு இடத்தில். காதோடு சொல்ல வேண்டிய விஷயம் அல்ல அது. அந்த முற்றத்தில், மேனேஜருக்கும் பூரணத்துக்கும் கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டும். வண்டியின் மானத்தைக் காப்பாற்றிப் பழகிய வாய்கள், எனக்கும் அவருக்கும். பெரிய வண்டிகளைத் தொடுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் சீக்கிரம் தொற்றும். சரியான முடிவை எடுத்துவிட்டுக் காரணத்தை விழுங்கினால், அந்த முடிவு வேறொருவன் மேல் அவமானமாக விழும்.

முதலாளி சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் என்னையும் சுயம்புவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனார். வார்டில் பத்துப் பேர் இருந்தார்கள். நின்றுகொண்டே, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"பேச்சிமுத்து, என் வண்டி ஏத்தத்துல நிக்கும். வாங்கின நாள்ல இருந்தே நிக்குது. அன்னிக்கு வழியில நின்னு உன் உயிருக்கு ஒண்ணு ஆயிரும்னுதான் லாரியில விடச் சொன்னேன். கறைக்காக இல்ல."

பேச்சிமுத்து எழுந்து உட்கார்ந்தான். "பெரியவுக எங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டாம் மொதலாளி. போனது போயிட்டு."

முதலாளியின் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வண்டியைப் பற்றி உண்மை சொல்லியிருக்கிறார். அதைப் பெருந்தன்மையான பொய் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பூரணம்தான் குறுக்கே பேசினாள். "நிக்கும்னா நிக்கிறதைக் காட்டுங்க. இவுகளை வீட்டுக்கு விடுற அன்னைக்கு அதுல கூட்டிட்டுப் போங்க. நின்னா நம்புதோம்."

"ஏ, சும்மா இரு," என்றான் பேச்சிமுத்து.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? லாரியில உங்க தலையை மடியில வச்சிக்கிட்டு வந்தவ நானு."

"காட்டுறேன்," என்றார் முதலாளி.

குழாயை மாற்ற அன்றே எனக்கு அனுமதி கொடுத்துவிட்டார். நான்தான், அந்தப் பயணம் முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். பின்னால் மாற்றினேன், வண்டி வெகுகாலம் ஒழுங்காக ஓடியது. அது பெரிய வேலை அல்ல.

அவனை வீட்டுக்கு விட்ட நாளில் வேண்டுமென்றே உச்சிப் பொழுதில் புறப்பட்டோம். முதலாளி முன்னால் சுயம்புவின் பக்கத்தில். பின்னால் பேச்சிமுத்துவும் பூரணமும், ஓரத்தில் நான். அவன் இருக்கையின் விளிம்பில், பஸ் படியில் தொற்றிக்கொள்கிறவன் போல உட்கார்ந்திருந்தான். வெற்றுச் சட்டைக்கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. இருக்கையில் முதுகு படவில்லை.

நெடுமங்காட்டு ஏற்றம் வந்தது. கார் தண்ணீரில் போவது போல ஏறியது. நிற்கவில்லை.

"நல்லாத்தான் போகுது," என்றாள் பூரணம், ஜன்னலைப் பார்த்தபடி.

முதலாளி துண்டால் கழுத்தைத் துடைத்தார். அடுத்த ஏற்றத்திலும் நிற்கவில்லை. விதுரையும் போயிற்று. பூரணம் ஜன்னலை விட்டு, முன்னால் இருந்த முதலாளியைப் பார்த்தாள்.

"என்ன சுயம்பு இது?" என்றார் முதலாளி மெதுவாக.

"நான் என்ன செய்யட்டும் முதலாளி? இத்தனை வருஷம் நிக்காதேன்னு கும்பிட்டேன். இன்னிக்கு நில்லுன்னு கும்பிடுகேன். சாமிக்கே குழப்பமாத்தான் இருக்கும்."

மலை ஏற ஆரம்பித்தது. வெயில் நேரே பானட்டின் மேல் விழுந்தது. முதல் வளைவு, அடுத்த வளைவு. நான் எத்தனையோ வண்டிகளில் உட்கார்ந்து, ஓட வேண்டுமே என்று உயிரைக் கையில் பிடித்திருக்கிறேன். ஒரு நல்ல வண்டி நின்றுபோக வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது அன்று ஒரு நாள்தான். முதலாளியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதையே வேண்டிக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது.

செங்குத்தான ஒரு வளைவில் என்ஜின் ஒரு தடவை இருமியது. சுயம்புவின் தோள் நிமிர்ந்தது. மறுபடி இருமியது. பிறகு சத்தம் இல்லை. வண்டி பின்னோக்கி ஓரடி நழுவ, சுயம்பு பிரேக்கைப் பிடித்தார்.

கொழுந்து எடைபோட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்சம் மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வண்டியை அடையாளம் கண்டு கிட்ட வந்தார்கள்.

முதலாளி இறங்கினார். தடியை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டார். "தெறடே," என்றார் என்னிடம்.

அந்தப் பெண்களின் கண் முன்னால், நடு ரோட்டில், நான் பானட்டைத் திறந்தேன். குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். ஆவி சீறிக்கொண்டு மேலே எழுந்தது. பூரணம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"நின்னுட்டு," என்றாள். குரலில் இப்போது ஏளனம் இல்லை.

பேச்சிமுத்து அந்த ஆவி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முதலாளியைப் பார்த்துச் சொன்னான்.

"அன்னைக்கு லாரியில கிடந்து அழுதேன் மொதலாளி. எல்லாரும் கைக்காகன்னு நெனச்சாக. கை போகும்னு எனக்கு மிஷின்லயே தெரிஞ்சு போச்சு. வெறும் வண்டி பின்னாலேயே வருதே, அதுல உக்கார நமக்கு யோக்கியதை இல்லையேன்னுதான் அழுதேன்."

முதலாளி தாமே பின்கதவைத் திறந்தார். "வண்டி ஆற நேரம் ஆகும் பேச்சிமுத்து. இறங்கி மரத்தடியில இரு. வெயிலு" என்றார்.

"வேண்டாம் மொதலாளி. அது கிளம்புத வரைக்கும் இதுலயே இருக்கேன்."

விளிம்பிலிருந்து நகர்ந்து, அந்தச் சந்தன நிறத் தோலில் முதுகு முழுக்கப் பதியும்படி அவன் பின்னால் சாய்ந்துகொண்டான். இருந்த ஒரு கையால் பக்கத்தில் தட்டி, பூரணத்தையும் நன்றாக உட்காரச் சொன்னான்.